ஆளறிந்து இடம் வகுத்தல்

வலியோர் எழுவரை ஒருங்கு சேர்த்த மாத்திரத்தில் அது குழுவாகிவிடாது. எவனை எவ்விடத்தில் நிறுத்துவது என்று அறிவதே பயிற்றுவோனுக்குரிய முதற் கடமையாம். திருவள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரமே வகுத்து, ஆராய்ந்து தெளிந்தபின் ஒருவனை வினையில் அமர்த்தும் முறையைப் பேசுகின்றார். அரசனுக்குரைத்த அந்நீதி ஆடுகளத்துக்கும் பொருந்தும் என்பதைத் திருப்போரூரில் ஒரு சடுகுடுக் குழுவைப் பழக்கிய காலத்தில் யாம் கற்றுக்கொண்டோம். எமக்கு அதனைக் கற்பித்தவன் எம்மாலேயே ஒதுக்கப்பட்ட ஓர் இளைஞன்.

இக்காலத்தில் கபடி என வழங்கும் இவ்வாட்டத்தில் களத்தில் நிற்போர் பக்கத்துக்கு எழுவர். இரு ஓரங்களிலும் மூலைக்காரர் இருவர், அவரை அடுத்து ‘இன்’ என்னும் இடத்தில் இருவர், அதற்கடுத்துக் ‘கவர்’ என்னும் இடத்தில் இருவர், நடுவில் ஒருவர். பாடிச் செல்வதில் வல்லோரைப் பெரும்பாலும் இன்னிலும் நடுவிலும் நிறுத்துவர். மூலைக்காரர் கணுக்காலையும் தொடையையும் பற்றுவர். கவரில் நிற்போர் பாடி வந்தவன் மீளும் வழியை மறித்தும், அவனை மோதி எல்லைக்கு அப்பால் தள்ளியும் துணைபுரிவர்.

ஆடவர் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ஒரு கோடும், அதற்கப்பால் 1 மீட்டரில் போனஸ் கோடும் உள. அறுவரோ எழுவரோ எதிர்நிற்கும்போது பாடி வருவோன் ஒரு காலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்றி, மற்றைக் காலை மேலே தூக்கினால் ஒரு புள்ளி பெறுவான். அக்கணத்தில் அவன் ஒற்றைக் காலில் நிற்கின்றான். தன் எல்லைக்கு மீள 4.75 மீட்டர் கடக்கவேண்டும். மூலைக்காரனுக்கு வாய்க்கும் நல்வேளை அதுவே. அதற்கு வேண்டுவது உடற்பருமன் அன்று. காத்திருக்கும் கண்ணும், தவறாது விழும் கையுமே.

இதனை நூலறிவாக யாம் முன்னரே அறிந்திருந்தோம். ஆயினும் களத்தில் மறந்தோம். உயரமும் எடையும் மிக்க ஒருவனை இடப்பக்க மூலையில் நிறுத்தினோம். உப்பளத்தில் கூலிவேலை செய்த மெலிந்த இளைஞன் ஒருவனைச் சேமத்தில் அமர்த்தினோம். பெரியவனோ, வந்தவன் காலை இழுத்துக்கொண்ட பின்னரே பாய்ந்தான். தோல்வி தொடர்ந்தது. இதற்கிடையில் மெலிந்தவன் வருவதை நிறுத்திவிட்டான்.

அவனைத் தேடி இல்லத்துக்குச் சென்றோம். அவன் தந்தையார், “ஆடுவதற்கென்றால் போகட்டும் ஐயா, உட்கார்ந்திருப்பதற்காக மாலைக் கூலியை ஏன் இழக்கவேண்டும்?” என்றார். எம்மிடத்து விடை இல்லை. அப்பொழுது உடன் வந்திருந்த மாணாக்கன் ஒருவன், “இவன் ஓரத்தில் அமர்ந்து, வருகிறவன் எந்தக் காலை முன்வைப்பான் என்று முன்னதாகவே சொல்லுவான், பெரும்பாலும் தவறாது” என்றான். அருகில் இருந்தும் அதனை யாம் கேட்டிலோம்!

மறுநாள் தொட்டு இரண்டு வாரம் புதுமுறை ஒன்றைக் கையாண்டோம். ஒவ்வொருவனையும் ஏழிடத்தும் நிறுத்திப் பார்த்தோம். பற்றியவை எத்தனை, பதறிப் பாய்ந்து வீணாக்கியவை எத்தனை, பக்கத்தான் பற்றியபோது துணைக்கு விரைந்தானா, 30 விநாடியும் மூச்சுவிடாது பாட வல்லனா, தான் ‘அவுட்’ ஆனபின் சோர்ந்தானா என ஐந்தினையும் ஏட்டில் குறித்தோம். ஏடு எம் கண்ணின் பிழையைக் காட்டிற்று. மெலிந்தவன் மூலைக்குச் சென்றான். பெரியவன் கவருக்கு வந்தான். ஒருவன் காலைப் பற்ற, மற்றவன் வழியை அடைத்தான். இருவரும் தத்தம் இடத்தில் மகிழ்ந்தனர், குழுவும் தலைநிமிர்ந்தது.

வல்லோரும் இடம் மாறுதல் உண்டு. 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவிய ஹாரி குரோ பக் என்பாரின் தாய்நாடாகிய அமெரிக்காவில் பேஸ்பால் பெருவிளையாட்டு. அதில் பேப் ரூத் என்பார் பாஸ்டன் குழுவின் சிறந்த பந்தெறிவோராய் 1916-இல் 23 ஆட்டங்களையும் 1917-இல் 24 ஆட்டங்களையும் வென்று தந்தார். ஆயினும் பந்தெறிவோன் நாடோறும் ஆடுவதில்லை. ஆதலின் அவருடைய அடிக்கும் திறன் பல நாள் வாளா கிடந்தது. 1918 முதல் அவரை வெளிக்களத்திலும் நிறுத்தத் தொடங்கினர். 1920-இல் நியூயார்க் குழுவுக்கு ஆடியபோது, அதற்குமுன் எவரும் ஓராண்டில் எட்டாத அளவாக 54 ஹோம் ரன்கள் அடித்தார். நன்றாகச் செய்யும் வேலையினின்றும் ஒருவனை மாற்றத் துணிவதும் பயிற்றுவோன் கடனே என்பதற்கு இது சான்று.

நம் கல்லூரியினின்றும் ஆசிரியராகவும் அலுவலராகவும் செல்வோர் பலர். அவர்க்கு யாம் கூறுவது இஃதொன்றே: ஒருவனைத் தகுதியிலன் என்று தள்ளுமுன், அவனை எத்தனை இடத்தில் நிறுத்திப் பார்த்தோம் என்று உங்களையே வினவிக்கொள்ளுங்கள். தாலந்தைப் புதைப்பவன் எப்பொழுதும் அதனைப் பெற்றவன் அல்லன். சிலவேளை அவனைப் பயிற்றுவோனே ஆவான்.