வேதம் மறந்தது... நெல் நினைவூட்டியது!

பூந்தமல்லி - திருவள்ளூர் சாலையில் உள்ள திருமழிசையைத் தொழிற்பேட்டையாகவே பலரும் அறிவார்கள். திருச்சந்த விருத்தத்தின் 120 பாசுரங்களை அருளிய திருமழிசையாழ்வார் அவதரித்த தலம் இது! அவரை வளர்த்தவை உழைப்பாளிகளின் கைகள்.

மூங்கில் புதரில் கிடந்த குழந்தையை எடுத்து வளர்த்தார், பிரம்பு அறுத்துப் பிழைத்த திருவாளன். பாலே அருந்தாத அந்தக் குழந்தைக்கு, வேளாளர் முதியவர் ஒருவர் அன்போடு தந்த பால் மட்டும் இனித்தது. அவருக்குப் பிறந்தவரே ஆழ்வாரின் சீடரான கணிகண்ணன் என்கிறது குருபரம்பரை.

பின்னாளில் குடந்தைக்குச் செல்லும் வழியில், பெரும்புலியூரில் ஒரு திண்ணையில் ஆழ்வார் அமர்ந்தார். அங்கு வேதம் ஓதியவர்கள், அவரது குலத்தை எண்ணி ஓதுவதை நிறுத்தினர். குறிப்பறிந்து அவர் விலகியதும் மீண்டும் தொடங்கப் பார்த்தால்... விட்ட இடம் மறந்துவிட்டது! ஆழ்வார் எதுவும் பேசவில்லை. கருநெல் ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்தார். கருநெல்லை நகத்தால் உரிப்பதைச் சொல்லும் வாக்கியம்தான் அவர்கள் விட்ட இடம். தவறை உணர்ந்து, அவரைப் பணிந்தனர்.

நெல்லைப் போற்றுகிறது வேதம். அதை விளைவிப்பவரை விலக்குவது எப்படித் தகும்?

தை மகம், ஆழ்வாரின் திருநட்சத்திரம். திருமழிசை ஜகந்நாதப் பெருமாளைத் தரிசித்துப் பிரசாதம் வாங்கும்போது, உழுத கைகளையும் நாற்று நட்ட கைகளையும் ஒரு கணம் நினையுங்கள். அதுவும் வழிபாடுதான்!