உவர் நிலத்திற்கு உகந்த விதை

கடலோரக் கிராமங்களில் உவர் பூத்துத் தரிசாய்க் கிடக்கும் நிலங்களை நாம் காண்கிறோம். அந்நிலமன்றி வேறு சொத்தில்லாத விவசாயிகள் பலர். அவர்களுக்கு விதை எவ்வாறு துணை நிற்கும்?

மண்ணில் உப்பு மிகுந்தால் வேர் நீரை உறிஞ்ச இயலாது. சோடியம் இலைக்கு ஏறி நுனியைக் கருக்கும். ஆனால் கேரளக் கடலோரத்துப் பொக்காளி நெல் உவர்நீரிலும் விளைகின்றது. இது வழிவழியாக விதையில் அமைந்த குணம். நெல்லின் 12 ஜோடிக் குரோமோசோம்களுள் முதலாவதில் இதற்குரிய பகுதியொன்று உள்ளது. அப்பகுதியிலுள்ள மரபணு ஒன்றை, வங்கத்து நோனா போக்ரா நெல்லிலிருந்து 2005-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் பிரித்தறிந்தனர். வேரிலிருந்து மேலேறும் சாற்றினின்று சோடியத்தை அகற்றி இலையைக் காப்பது அதன் பணி.

எனினும் ஒரு மரபணுவால் மட்டும் காரியம் கைகூடாது. பல சேர்ந்தே பயிரைத் தாங்குகின்றன. மேலும் பொக்காளி உயர்ந்து வளர்ந்து சாய்ந்துவிடும். ஆகவே அதனைக் குட்டை இரகங்களுடன் இனக்கலப்புச் செய்து புது இரகங்களை உருவாக்குகின்றனர். நம் மாநிலத்தில் களர் நிலத்திற்கென்றே திருச்சி 1, திருச்சி 3 ஆகிய இரகங்கள் வெளியிடப்பட்டுள்ளன.

நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நெல் உப்புக்கு எளிதில் நலியும். ஆதலின் விதையை மட்டும் நம்பியிருத்தல் தகாது. மண்ணைப் பரிசோதித்து, உவராயின் நன்னீர் தேக்கி வடித்தும், களராயின் ஜிப்சம் இட்டு வடித்தும் சீர்திருத்த வேண்டும். வடிகால் தூர்ந்திருப்பின் இரண்டும் பயனளிக்கா. அதனைத் தூர்வாரச் செய்தல் பஞ்சாயத்தின் கடமையாகும்.

உவர் நிலத்தில் தலைமுறையாய் விளைந்த பழைய விதை எவரிடமேனும் இருப்பின், விளைச்சல் குறைவென்று அதனைக் கைவிடலாகாது. நாளைய இரகத்திற்கு அதுவே தாயாகக்கூடும்.