விவிலியத்தின் பின்னும் இறைவாக்கு உண்டோ?

இறைவன் உயிர்கட்கு உண்மையை உணர்த்திய மொழி ஒரு நூலளவில் முற்றுப்பெற்றதோ, பின்னும் தொடர்வதோ என்னும் வினாவிற்குக் கிறித்தவ சமயத்தார் கூறும் விடைகள் பல. பிறர் கொள்கையை அவர் கூறுமாறே அறிந்து பின்னர் ஒப்புநோக்கலே முறையாகலின், முதற்கண் அவற்றை வகுத்துரைப்பாம்.

உரோமன் கத்தோலிக்கர், நூலோடு திருத்தூதர் வழிவந்த மரபினையும் ஒப்ப மதிப்பர். 1546-இல் திரெந்துச் சங்கம் இதனை விதித்தது. எனினும் அம்மரபு புதிய வெளிப்பாடு அன்று. கிறித்துவே வெளிப்பாட்டின் நிறைவாகலின், அவர் மீண்டு வருங்காறும் புதிய பொது வெளிப்பாடு இல்லையென 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் உரைத்தது. அடியார் சிலர்க்கு நிகழும் காட்சிகள் தனி வெளிப்பாடெனப்படும். அவை விசுவாசத்திற்கு உறுப்பாகா.

சீர்திருத்தச் சபையாருள், இங்கிலாந்தில் வெஸ்ட்மின்ஸ்டரிற் கூடியோர் 1646-இல் முடித்த விசுவாச அறிக்கை, புதிய வெளிப்பாட்டாலாதல் மாந்தர் மரபாலாதல் விவிலியத்தோடு யாதும் கூட்டலாகாதென விலக்கிற்று. ஆயினும் அந்நூலை வீடுபேற்றிற்கு ஏற்ப உணர்தற்கு ஆவியின் உள்ளொளி இன்றியமையாதென அவ்வறிக்கையே உடன்பட்டமை நோக்கற்பாலது.

குவேக்கர் இவ்வுள்ளொளியையே முதன்மையாகக் கொண்டனர். அவருள் இராபர்ட் பார்க்கிளே என்பார் 1676-இல் வெளியிட்ட நூலில், ஆவியே முதலளவை, விவிலியம் அதன்வழிப்பட்ட அளவை என நிறுவினர். விவிலியத்திற்கு மாறானதை ஆவியின் ஏவலென்பது மயக்கமே என வரையறுத்தும் வைத்தனர். 1830-இல் அமெரிக்காவில் யோசேப்பு ஸ்மித்தாற் றோன்றிய மார்மன் சபையாரோ, வெளிப்பாடு இன்றும் தொடர்கின்றது என்பர். ஆப்பிரிக்க வழியினர்க்கு மறுக்கப்பட்டிருந்த குருத்துவம், 1978-இல் தம் தலைவர் பெற்ற வெளிப்பாட்டால் அவர்க்கும் உரியதாயிற்று என்பது அவர் கொள்கை.

இவற்றால் இரண்டு இடர்ப்பாடுகள் புலனாம். வாக்கு முற்றிற்றெனின், பிற்காலத்துயிர்க்கு இறைவன் நேர்நின்றுணர்த்துதல் யாங்ஙனம்? முற்றவில்லையெனின், இறைமொழியையும் மனமயக்கத்தையும் பிரித்தறியும் அளவை யாது?

சைவசித்தாந்தம் நூல் முற்றுதலையும் அருள் முற்றுதலையும் ஒன்றெனக் கொள்ளாது. வேதாகமங்கள் முதல்வன் நூலாய் நிலைபெற்றன. அம்முதல்வனே தவமுதிர்ந்த உயிர்க்குக் குருவாய் எழுந்தருளி உணர்த்துவனெனச் சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரம் கூறும். கிறித்தவர் ஒருகால் நிகழ்ந்த அவதாரத்தில் நிறைவு காண்பர். நாம் பிறவாத முதல்வன் பக்குவந்தோறும் வந்தருளுதலைக் காண்கின்றோம். இவ்வேறுபாடு சிறிதன்று. குரு உணர்த்துவது நூலுக்கு மாறான புதுப்பொருளுமன்று. நூலும், குருமொழியும், தன்னனுபவமும் தம்முள் ஒத்தவழியே அது மெய்யுணர்வாம். இவற்றுள் ஒன்றனையே பற்றி ஏனையவற்றைக் கைவிடுவார், எச்சமயத்தாராயினும், வெறும் ஏட்டறிவிலேனும் தம் மனக்கோளிலேனும் வீழ்தல் ஒருதலை என்க.