ராமையாவின் பாட்டு

திருவனந்தபுரத்தில் பழவங்காடி என்றோர் இடம் உண்டு. அங்குள்ள பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்கும் சத்தம் ஓயாது. கடைவீதியில் மலையாளமும் கேட்கும், தமிழும் கேட்கும்.

1899-ல் ஒரு தாய் இந்த ஊருக்கு வந்தார். தஞ்சைப் பக்கம் போலகம் அவர் ஊர். கணவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. உறவினர் உதவியை நம்பிப் பிள்ளைகளோடு வந்தார். மகன் ராமையா சிறுவன்.

வீட்டில் தமிழ். வெளியே மலையாளம். ராமையா மலையாளம் கற்றான். பிறகு மகாராஜா சமஸ்கிருதக் கல்லூரியில் இலக்கணம் படித்தான். ஆனால் அவன் மனம் பஜனையில்தான் இருந்தது. நீலகண்ட சிவன் என்பவர் அந்த ஊரில் தமிழில் பக்திப் பாட்டுகள் இயற்றியவர். அந்தப் பாட்டுகள் ராமையாவை இழுத்தன. பஜனைக்கு மேடை வேண்டாம், சீட்டு வேண்டாம். யாரும் கூடப் பாடலாம்.

1910-ல் தாயும் இறந்தார். ராமையா கோயில் கோயிலாகப் பாடித் திரிந்தார். நெற்றி நிறைய விபூதி. மக்கள் அவரைச் 'சிவன்' என்றார்கள். தஞ்சைப் பகுதியில் அண்ணன் வாழ்ந்த பாபநாசமும் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

ஆம், அவர்தான் பாபநாசம் சிவன்!

அக்காலக் கச்சேரிகளில் தெலுங்குப் பாட்டுகளே அதிகம். ராகம் இனிக்கும், பலருக்குப் பொருள் புரியாது. சிவன் தமிழில் நிறைய இயற்றினார், சமஸ்கிருதத்திலும் இயற்றினார். சினிமாவுக்கும் எழுதினார். இவ்வளவு புகழ் வந்தும் பஜனையை விடவில்லை. மார்கழி விடியலில், சென்னை மயிலாப்பூர் மாட வீதிகளில், பல ஆண்டுகள் அவர் பாடிக்கொண்டே நடந்தார். பின்னால் ஊரும் பாடிக்கொண்டு போனது.