குமிழி வழி காட்டும், திசுவே தீர்ப்புச் சொல்லும்
மார்பக ஸ்கேன் செய்யத் தொடங்கும் இளம் மருத்துவர்களுக்கு

பள்ளிபாளையத்திலும் காவிரிக்கு அக்கரை ஈரோட்டிலும் ஸ்கேன் அறையிலேயே என் காலம் போனது. மார்பில் கட்டி என்று வருகிறவர்களில் பாதிப் பேர் தறிக்காரப் பெண்கள். ஒரு ஷிப்டுக் கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள். இன்று உங்கள் கையில் நுண்குமிழி ஊசி போட்டுப் பார்க்கும் கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட் இருக்கிறது. நல்ல கருவிதான். அதை எப்படிக் கையாள வேண்டும் என்று நான் கற்றதை உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

1. முதலில் கேளுங்கள், தொட்டுப் பாருங்கள். கட்டி எத்தனை நாளாக இருக்கிறது, வளர்கிறதா, குழந்தைக்குப் பால் கொடுக்கிறாரா, காம்பில் ரத்தம் கசிகிறதா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா? இரண்டு மார்பையும் இரண்டு அக்குளையும் பார்க்காமல் "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லி அனுப்பாதீர்கள்.

2. சாதாரண ஸ்கேனை முழுதாகச் செய்யுங்கள். கட்டியின் வடிவம், விளிம்பு, அகலத்தைவிட உயரம் கூடுதலா, பின்னால் நிழல் விழுகிறதா, டாப்ளரில் ரத்த ஓட்டம் எப்படி என்பதே அடித்தளம். வெறும் நீர்க்கட்டி என்றால் அதோடு நிறுத்துங்கள். மார்பக ஸ்கேன் அறிக்கையின் தரவரிசையான பை-ராட்ஸில் 5 என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு 95 சதவீதமோ அதற்கு மேலோ. அங்கே குமிழிக்காகக் காத்திராமல் பயாப்ஸிக்கு அனுப்புங்கள். பை-ராட்ஸ் 4 என்பது 2 முதல் 95 சதவீதம் வரை விரிந்த பெரும் பரப்பு. குமிழிக்கு வேலை இருப்பது அங்கேதான்.

3. எதை உடம்புக்குள் விடுகிறோம் என்று தெரிந்து விடுங்கள். 1968இல் கிராமியாக், ஷா என்ற இருவர், ஊசி வழியே போன சிறு குமிழிகள் இதய ஸ்கேனில் பளிச்சென்று தெரிந்ததைப் பதிவு செய்தார்கள். இன்றைய சோனோவியூ போன்ற மருந்தில் சல்பர் ஹெக்ஸாஃபுளோரைடு வாயுவை மெல்லிய கொழுப்புப் படலம் மூடியிருக்கும். ஒரு குமிழி சராசரியாக 2.5 மைக்ரான், சிவப்பணுவோ 7 மைக்ரான். சிடி ஸ்கேன் மருந்தைப்போல் திசுவுக்குள் கசியாமல் குமிழி ரத்தக் குழாய்க்குள்ளேயே ஓடும். வாயு மூச்சோடு வெளியேறிவிடும், சிறுநீரகத்துக்குச் சுமை இல்லை. கடனுக்காகச் சிறுநீரகம் விற்ற விசைத்தறித் தொழிலாளர்களின் செய்தி 2025இல் இதே பள்ளிபாளையத்திலிருந்துதான் வந்தது. ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்கிறவருக்கு இந்தக் குணம் எவ்வளவு பெரியது என்று எண்ணிப் பாருங்கள்.

4. ஆபத்து அரிது, ஆனால் இல்லாததல்ல. ஒவ்வாமை உண்டா, இதய நோய், நுரையீரல் நோய் உண்டா, கர்ப்பமா என்று கேட்டறியுங்கள். அட்ரினலினும் ஆக்சிஜனும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அவரைக் கண்காணிப்பில் வைத்திருங்கள். எதற்காக இந்த ஊசி என்பதை அவருக்குப் புரியும் தமிழில் சொல்லி, அதன் பிறகே ஒப்புதல் வாங்குங்கள்.

5. கை லேசாக இருக்கட்டும். ப்ரோபை அழுத்தினால் மார்பின் சிறு குழாய்கள் நசுங்கும், குமிழி வராது. வராததைப் பார்த்து நல்ல கட்டி என்று எழுதிவிடுவீர்கள். மெக்கானிக்கல் இண்டெக்ஸை 0.1ஐ ஒட்டிக் குறைத்து வையுங்கள், கூடினால் குமிழி உடையும். கட்டியோடு பக்கத்து நல்ல திசுவும் தெரியும் தளம் ஒன்றைத் தேர்ந்து, மருந்தும் சலைனும் போனதிலிருந்து இரண்டு மூன்று நிமிடம் அசையாதீர்கள். முழுவதையும் வீடியோவாகச் சேமியுங்கள்.

6. ஏன் வேறுபாடு தெரிகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். புதுக் குழாய்கள் இல்லாமல் புற்றுக்கட்டி சில மில்லிமீட்டருக்கு மேல் வளர முடியாது என்று ஜூடா ஃபோக்மன் 1971இல் எழுதினார். அவசரத்தில் முளைத்த அந்தக் குழாய்கள் கோணலும் சிக்கலுமானவை. நல்ல கட்டியில் குமிழி பாவு நூல்போல் ஒழுங்காகப் பரவும், எல்லை தெளிவாக இருக்கும், சிலவற்றில் பக்கத்துத் திசுவைவிட மிகாது. கெட்ட கட்டியில் சீக்கிரம் வந்து, திட்டுத்திட்டாகப் பளபளக்கும். சாதாரண ஸ்கேனில் கண்ட அளவைவிடக் கட்டி பெரிதாகத் தெரியும். ஓரத்திலிருந்து நண்டுக் கால்போல் குழாய்கள் நீளும். நடுவே ரத்தம் ஓடாத வெற்றிடமும் இருக்கலாம்.

7. ஏமாற்றும் கட்டிகளை மனப்பாடம் செய்யுங்கள். சீழ்ப்பிடித்த மார்பு, கிரானுலோமேட்டஸ் மேஸ்டைட்டிஸ், காசநோய், பால்குழாய்ப் பாப்பிலோமா, இளம்பெண்களின் ரத்தவளமுள்ள நார்க்கட்டி எல்லாம் புற்றுபோல் ஒளிரும். பால்குழாய்க்குள்ளேயே அடங்கிய ஆரம்பப் புற்று சில நேரம் அமைதியாக இருந்துவிடும். ஓர் இளம் தாயின் திரை முழுதும் பளபளத்ததைப் பார்த்து, இது புற்றுதான் என்று என் மனம் முடிவு கட்டியிருந்தது. பயாப்ஸியில் வந்தது வெறும் அழற்சி. அன்று வாயை மூடிக்கொண்டு காத்திருந்ததற்கு இன்றும் நன்றியோடிருக்கிறேன்.

8. தீர்ப்பைத் திசுவிடம் விடுங்கள். மார்பகக் கட்டியைப் பிரித்தறிய இதை வழக்கமான சோதனையாக ஐரோப்பிய அல்ட்ராசவுண்ட் சங்கங்களின் கூட்டமைப்பே பரிந்துரைக்கவில்லை. சந்தேகக் கட்டிக்கு 14 கேஜ் ஊசியால் எடுக்கும் பயாப்ஸிதான் முடிவு. ஆனால் எந்தப் பகுதி உயிரோடு இருக்கிறது, எங்கே செத்த திசு என்று குமிழி காட்டும். உயிருள்ள இடத்தில் ஊசி இறங்கினால் பயாப்ஸி வீணாகாது. முடிவை மாற்றாத சோதனைக்குக் கூலிக்காரப் பெண்ணிடம் பணம் வாங்காதீர்கள்.

9. "டாக்டரம்மா, கெட்ட கட்டிங்களா?" என்று கேட்கும்போது முகத்தைத் திருப்பாதீர்கள். கணவரிடமோ மாமியாரிடமோ அல்ல, முதலில் அவரிடமே பேசுங்கள். "இன்னும் தெரியலைங்க அம்மா, சதை எடுத்துப் பார்த்தால் தெரிஞ்சிரும்" என்பதே உண்மையான பதில். அடுத்து எங்கே, எந்த நாளில் போக வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். நாமக்கல், சேலம், பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றியும் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து, "போனீங்களா?" என்று ஃபோனில் கேளுங்கள்.

தறிச் சத்தத்தில் தன் வலியைச் சொல்லாமலே வருடங்களைக் கடத்தியவர், கடைசியில் உங்கள் கதவைத் தட்டியிருக்கிறார். பயாப்ஸி முடிவு கைக்கு வரும்வரை அவரை விட்டுவிடாதீர்கள்.