வெல்வெட்டும் வெளிச்சமும்



சென்ற பெருநாளுக்கு முன் நம் கடையில் பச்சை வெல்வெட் வாங்கிய ஒருவர், தைத்த திரைகளுடன் திரும்பி வந்தார். "ஒன்று கரும்பச்சை, ஒன்று வெளிர்பச்சை, இரண்டு ரகத்தைக் கலந்து கொடுத்துவிட்டீர்கள்" என்றார். நமக்குக் கோபம் வந்தது. ஒரே சுருளில் வெட்டியதல்லவா? அஞ்சடிக்குக் கொண்டுபோய் ஒரு திரையைத் தலைகீழாகப் பிடித்தோம். நிறம் ஒன்றாயிற்று!

காரணம் இதுதான். பொருளின் மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியைப் பொருள் உட்கொள்கிறது. ஒரு பகுதி கண்ணாடியிற்போல ஒரே திசையில் திரும்புகிறது. மற்றொரு பகுதி நாலா திசையும் சிதறுகிறது. சாட்டினில் நூல்கள் நீளமாகப் படிந்திருப்பதால் ஒளி ஒருபக்கமாகத் திரும்பிப் பளபளக்கும். சாதாரணப் பருத்தித் துணியின் இழைகள் ஒழுங்கற்றவை, ஒளியைச் சிதறடிக்கும். வெல்வெட்டின் மயிர்களோ ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். அவற்றின் நுனி நம்மை நோக்கினால் ஒளி இடைவெளிகளிற் புகுந்து அடங்கும், நிறம் கறுக்கும். பக்கம் நம்மை நோக்கினால் ஒளி திரும்பும், நிறம் வெளுக்கும்.

நனைந்த துணி கறுப்பதும் இவ்வகையே. நூலுக்கும் காற்றுக்கும் ஒளியை வளைக்கும் தன்மையில் வேற்றுமை அதிகம். ஆகவே சிதறலும் அதிகம். காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்தால் வேற்றுமை குறைகிறது. ஒளி ஆழமாக உட்சென்று அதிகம் உட்கொள்ளப்படுகிறது. காய்ந்தால் பழைய நிறம் வந்துவிடும்.

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று யூக்ளிட் முதலிய கிரேக்க அறிஞர் கருதினர். கி.பி. 965 அளவில் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம், பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருவதே பார்வை என்று தம் 'கிதாபுல் மனாளிர்' நூலில் நிறுவினார்.

அந்த வாடிக்கையாளர் சொன்னது தவறு. ஆனால் தவறு முழுவதும் அவருடையதா? மயிர் சாயும் திசையை அறிந்திருந்தும் நாம் சொல்லவில்லையே! தானியக் குவியலினுள் ஈரம் மறைந்திருக்கக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வணிகரைக் கண்டித்த வரலாற்றை மதரஸாவில் ஓதியவர்கள்தாமே நாம்? தையற்கூலியை நாமே ஏற்று, திரையைத் திருத்திக் கொடுத்தோம்.

இப்போது வெல்வெட் வெட்டுமுன் துணியில் அம்புக்குறி இட்டுத் தருகிறோம். நிறம் பார்க்க வருபவரை விளக்கடியில் நிறுத்தாமல் அஞ்சடிக்கு அழைத்துச் செல்கிறோம். நாம் அறிந்ததை வாங்குபவருக்கும் அறிவிப்பதே வியாபாரத்தின் அமானிதம். அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.