கண்ணில் நெல் சுணை பட்டால்... மூன்று நாள் பொறுக்காதீர்கள்!

தை மாதம். வத்திராயிருப்புப் பக்கம் வயலெல்லாம் அறுப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு நிற்கும் இரண்டு பெண்கள் இப்படிப் பேசிக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

"என்ன மதினி, கண்ணு இப்படிச் செவந்து கெடக்கு?"

"முந்தா நேத்து களத்துல தூத்தும்போது என்னமோ விழுந்துச்சு. தாய்ப்பால் ரெண்டு சொட்டு விட்டேன். நந்தியாவட்டைப் பூவும் வச்சுக் கட்டுனேன். நாளைக்குள்ள சரியாப் போயிரும்."

நாளைக்குள் சரியாகாது. மூன்றாம் நாள் மெடிக்கல் ஷாப்பில் ஒரு சொட்டு மருந்து வாங்குவார். சிவப்பு கொஞ்சம் குறையும். 'பரவாயில்லையே' என்று நினைப்பார். பத்தாம் நாள் கண்ணாடியில் பார்த்தால் கருவிழியில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அதன் பிறகுதான் மதுரைக்கு பஸ் ஏறுவார். ஊரில் 'கண்ணுல பூ விழுந்துருச்சு' என்பார்கள். டாக்டர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர், கருவிழிப் புண்.

'நாம் என்ன வயலிலா இறங்குகிறோம்?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தோட்டம் துரவைப் பார்க்கப் போகும் வீட்டுக்காரர், தென்னை மட்டை இழுக்கும் ஆள், கரும்புச் சோகை உரிக்கும் அம்மா, ராஜபாளையத்து லேத் பட்டறைப் பையன், ராத்திரியில் ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பைக்கில் வரும் உங்கள் மகன்... எல்லோருக்கும் வரக்கூடியதுதான் இது.

கருவிழி என்பது கறுப்பு அல்ல!

கைக்கடிகாரத்தின் முள்ளுக்கு மேலே ஒரு கண்ணாடி இருக்கிறதல்லவா? அதுபோலக் கண்ணின் முன்பக்கம் பளிங்காக ஒரு திரை இருக்கிறது. அதுதான் கருவிழிப்படலம். உள்ளே இருக்கும் நிறம்தான் அதன் வழியாகக் கறுப்பாகத் தெரிகிறது. அதன் நடுப்பகுதியின் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். ஒளி தடையில்லாமல் உள்ளே போக வேண்டும் என்பதால் இந்தத் திரையில் ரத்தக்குழாய்களே கிடையாது. அழகும் அதில்தான், ஆபத்தும் அதில்தான். ரத்தக்குழாய் இல்லாததால், கிருமி புகுந்தால் எதிர்த்து நிற்கும் ரத்த அணுக்கள் வந்து சேரத் தாமதமாகிறது.

மேல்தோல் மட்டும் லேசாகச் சிராய்த்தால் ஓரிரு நாளில் தானே மூடிக்கொள்ளும். ஆனால் கீறியது நெல் சுணையோ, மக்காச்சோளத் தாளோ, வேலிக்கருவை முள்ளோ என்றால், அதோடு மண்ணில் வாழும் பூஞ்சக்காளானும் சேர்ந்து உள்ளே போகலாம். ஃப்யூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் என்று வாயில் நுழையாத பெயர்கள். பழைய ரொட்டியில் பூக்கிறதே, அந்த வகையறாதான்!

மதுரையில் எண்ணிப் பார்த்தார்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் மதுரை, கருவிழிப் புண் ஆராய்ச்சியில் உலகம் முழுக்க டாக்டர்களுக்குத் தெரிந்த ஊர். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், 1994 ஜனவரி முதல் மார்ச் வரை, அதாவது சரியாக அறுப்புக் காலத்தில், கருவிழிப் புண்ணோடு வந்தவர்களை எண்ணினார்கள். மூன்றே மாதத்தில் 434 பேர்! அவர்களில் 284 பேர், அதாவது மூன்றில் இரண்டு பங்கு, 'கண்ணில் அடிபட்டது' என்று சொன்னவர்கள்.

புண்ணைச் சுரண்டி எடுத்து வளர்த்துப் பார்த்ததில் 297 பேருக்குக் கிருமி தெரிந்தது. அதில் பாக்டீரியா 47 சதவீதம், பூஞ்சை 47 சதவீதம். கிட்டத்தட்ட சரிபாதி. இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். குளிர்ந்த மேல்நாடுகளில் பூஞ்சைப் புண் அபூர்வம். அங்கே எழுதப்பட்ட புத்தகத்தைப் படித்துவிட்டு, 'கண் புண்ணா? ஆன்டிபயாடிக் போடு' என்று இங்கே வைத்தியம் பார்த்தால், வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது தவறான மருந்து. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், பூஞ்சையைத் தொடாது.

இன்னொரு கணக்கும் உண்டு. 1993-ல் மதுரை மாவட்டத்தில் ஒரு லட்சம் பேருக்கு வருடத்துக்கு 113 பேர் வீதம் கருவிழிப் புண் வந்ததாக மதிப்பிட்டார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு பகுதியில் எடுத்த கணக்கைவிட இது பத்து மடங்கு. நம் பக்கத்துக்கும் அதே எண் அப்படியே பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆனால் பயிரும் அதேதான், முள்ளும் அதேதான்.

விலை கூடின மருந்தா, பழைய மருந்தா?

பூஞ்சைக்கு நெடுநாளாக இருக்கும் சொட்டு மருந்து நேட்டமைசின். இரண்டாயிரத்துக்குப் பிறகு வொரிகோனசோல் என்று ஒரு புது மருந்து வந்தது. 'இது கண்ணுக்குள் ஆழமாக இறங்கும்' என்று பல டாக்டர்கள் அதன் பக்கம் சாய்ந்தார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நியாயமாக இருப்பதெல்லாம் நிஜமாகிவிடுமா? பார்த்துவிடலாம் என்று மதுரை, கோவை, பாண்டிச்சேரி அரவிந்த் மருத்துவமனைகளும், சான்பிரான்சிஸ்கோ கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கண் ஆராய்ச்சி மையமும் 2010-ல் ஒரு சோதனையில் இறங்கின.

பூஞ்சைப் புண் உறுதியான 323 பேர். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பழைய மருந்து, மறு பிரிவுக்குப் புதியது. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிக்கும் டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயுமே, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

2013-ல் முடிவு வெளிவந்தது. ஜெயித்தது பழைய நேட்டமைசின்! மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, டாக்டர் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையில் அவர்களால் சராசரியாக ஏறக்குறைய இரண்டு வரி கூடுதலாகப் படிக்க முடிந்தது. ஃப்யூசேரியம் பூஞ்சை என்றால் வித்தியாசம் நான்கு வரி. கண்ணில் ஓட்டை விழுவதும், அவசரமாகக் கருவிழி மாற்ற வேண்டிவருவதும் பழைய மருந்துக்காரர்களுக்குத்தான் குறைவு. வொரிகோனசோல் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தால் கடுமையான புண் ஆறுமா என்று 240 பேரை வைத்து இன்னொரு சோதனை நடந்தது. 2016-ல் வந்த பதில், 'மொத்தத்தில் கூடுதல் பயன் இல்லை'. நேட்டமைசினை 2017-ல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. விலை கூடினதுதான் நல்ல மருந்து என்று நினைக்கும் நம்மவர்களுக்காகத்தான் இதை இத்தனை விரிவாகச் சொல்கிறேன்.

நேட்டமைசின் பால் மாதிரி இருக்கும், அடியில் படியும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிவிட்டுத்தான் விட வேண்டும். அந்தச் சோதனையில் முதல் வாரம் முழுக்க, விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு. அதன் பிறகு இரண்டு மணிக்கு ஒருமுறை, மூன்று வாரம் வரை. வீட்டில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கூடவே உட்கார வேண்டிய வைத்தியம் இது. 'வலி போயிருச்சு, போதும்' என்று பாதியில் நிறுத்தினால் பூஞ்சை திரும்பவும் கிளம்பும்.

சிவப்பு குறைந்தால் குணமா?

மறுபடியும் அந்த மெடிக்கல் ஷாப் சொட்டு மருந்துக்கு வருவோம். சிவந்த கண்ணுக்கு என்று சீட்டு இல்லாமல் வாங்கும் பாட்டில்களில் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு. ஸ்டீராய்டு வீக்கத்தையும் சிவப்பையும் சட்டென்று அடக்கும். கூடவே உடம்பின் எதிர்ப்பையும் அடக்கிவிடும். பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? வீட்டுக்காரர் வெளியூர் போன வீட்டில் திருடன் நுழைந்த கதைதான்.

ஸ்டீராய்டே விஷம் என்று அர்த்தமில்லை. பாக்டீரியாதான் என்று உறுதியான 500 பேரிடம், இரண்டு நாள் ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகு ஸ்டீராய்டு சேர்த்துப் பார்த்தார்கள். இதிலும் அரவிந்த் மருத்துவமனைகள் உண்டு. 2012-ல் முடிவு வந்தது. மொத்தத்தில் பெரிய லாபமும் இல்லை, பெரிய நஷ்டமும் இல்லை. ஆனால் அங்கே என்ன கிருமி என்று சோதித்துவிட்டு, டாக்டர் கண்காணிப்பில் கொடுத்தார்கள். நாமோ கிருமி எதுவென்றே தெரியாமல் விடுகிறோம்.

தாய்ப்பால், பச்சிலைச் சாறு, விளக்கெண்ணெய் விஷயமும் இதேதான். மதுரைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இப்படி எதையாவது விட்டுவிட்டு வந்தவர்கள் என்று 1999-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. பெரியவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் தோல் கிழிந்த கண்ணில் கொதிக்க வைக்காத எதை விட்டாலும், அதில் கிருமி இருக்கலாம். நாக்கால் தூசி எடுப்பதைச் சொல்லவே வேண்டாம்!

முதல் நாள்தான் முக்கியம்

நேபாளத்தில் பக்தபூரில் 2001-ல் வெளியான ஆய்வு ஒன்று. கருவிழி சிராய்த்தவர்களுக்குக் கிராம சுகாதார ஊழியர்களே ஆன்டிபயாடிக் களிம்பு போட்டார்கள். 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. ஒரு நாள் தாண்டி, இரண்டு நாளுக்குள் வந்த 49 பேரில் 14 பேருக்குப் புண் வந்துவிட்டது. மதுரை மாவட்டத்தில் இரண்டு பஞ்சாயத்துகளிலும் இப்படியே செய்து பார்த்தார்கள். 374 பேரில் 368 பேருக்குச் சிக்கலில்லாமல் ஆறியது. இது 2006-ல் வெளிவந்தது.

இதையே நேபாளத்தில் பெரிய அளவில் பல ஊர்களில் செய்தபோது, ஊழியர்கள் இருந்த ஊர்களிலும் புண் குறையவில்லை என்று 2022-ல் முடிவு வந்தது. அதையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை. ஊரில் மருந்து இருந்தால் மட்டும் போதாது, அடிபட்டவர் அன்றே எழுந்து வர வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆகவே கண்ணில் ஏதாவது பட்டால் கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். துணி வைத்துக் கட்டாதீர்கள், அந்த வெதுவெதுப்பு கிருமிக்குத் தொட்டில். கரகரப்பு, கூச்சம், நீர் வடிதல் இருந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். அரசு ஆஸ்பத்திரி கண் பிரிவாக இருந்தாலும் சரி. ஒரு மஞ்சள் சாயம் விட்டு நீல விளக்கில் பார்த்தால் சிராய்ப்பு பச்சையாக மின்னும், ஒரு நிமிஷ வேலை. புண்ணாகிவிட்டது என்றால், 'சுரண்டிச் சோதிக்க வேண்டுமா டாக்டர்?' என்று தயங்காமல் கேளுங்கள். ஏற்கெனவே விட்ட மருந்துப் பாட்டிலையும் கையோடு கொண்டு போங்கள். சர்க்கரை வியாதி இருந்தால் சொல்லிவிடுங்கள். கண் ஓரத்தில் எப்போதும் நீர் கோத்துக்கொண்டிருப்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும், அந்தக் கண்ணீர்ப் பையே கிருமிக் கிடங்காக இருக்கலாம். காலேஜுக்குக் கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு போகும் பெண் இருக்கிறாளா? குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவக் கூடாது. அகந்தமீபா என்ற நுண்ணுயிரி தண்ணீர் வழியாகத்தான் வருகிறது, வந்தால் லேசில் விடாது.

தாமதித்தால் என்ன ஆகும்? புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். அது நடுவில் விழுந்தால் பார்வை மங்கிவிடும். கண் அழுத்தம் கூடலாம், புரை விழலாம். இன்னும் மோசமானால் படலம் ஓட்டையாகும். அப்போது கண்ணைக் காப்பாற்றவே கருவிழி மாற்று ஆபரேஷன் தேவைப்படும். கிருமியும் வீக்கமும் உள்ள கண்ணில் வைக்கும் கருவிழி தெளிவாக நிலைப்பது கஷ்டம். பார்வைக்காக இரண்டாவது ஆபரேஷனும் வேண்டிவரலாம்.

அந்தக் கருவிழி கடையில் கிடைப்பதில்லை, யாரோ ஒருவர் இறந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும். வயது தடையில்லை. கண்ணாடி போட்டவரும், சர்க்கரை வியாதிக்காரரும் கொடுக்கலாம். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் உடனே கண் வங்கிக்குப் போன் செய்யுங்கள். அவர்கள் வரும்வரை இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.